தண்டவாளத்தில் நின்று ரயிலைப் படம் பிடிக்கும் தம்பிமாருக்கு

சென்ற கிழமையும் ஒன்று நடந்தது. யாழ்ப்பாணப் பாதையில் ரயிலை ஓட்டிக்கொண்டு மாங்குளம் தாண்டி முறிகண்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன், முன்னால் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு பெடியன், முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஹோர்னில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. கடைசி நேரத்தில் பற்றைக்குள் பாய்ந்து ஓடிவிட்டான். ரயில் அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது. பின்னால் நடந்துபோய்ப் பார்த்த கார்ட் ஒரு செருப்போடு திரும்பி வந்தார். நீலப் பட்டி போட்ட செருப்பு, ஒரு பக்கம் தேய்ந்தது. கிளிநொச்சி போய்ச் சேரும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

ரயில் பார்ப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1990இல் யுத்தத்தால் நின்ற ரயில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் 23 வருடம். தண்டவாளத்தோடு வாழ்ந்து பழகாமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது, ரயில் வருகிறது விலகு என்று வீட்டில் ஏச்சு வாங்கி வளரவில்லை. அதனால் ஆசை கூட, பயம் குறைவு.

பிரேக் பிடித்தால் நிற்காதா என்று கேட்காதீர்கள். நிற்காது.

எனக்கு அதிகம் கோபம் வருவது “ரயில் வந்தால் சத்தம் கேட்கும்தானே” என்ற பேச்சுக்குத்தான். கேட்காது தம்பி. பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகள் சேரும் இடமெல்லாம் தடக் தடக் என்று கேட்கும், இப்போது பற்றவைத்த தண்டவாளம், அந்தச் சத்தம் பெரும்பாலும் இல்லை. நேர் முன்னால் நிற்பவனுக்கு வருகிற சத்தத்தைவிடப் பக்கவாட்டில் நிற்பவனுக்குத்தான் அதிகம் கேட்கும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆனையிறவு வெளியில் போய் நின்று பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே விளங்காது. இதற்கு மேல் காதில் இயர்போன் வேறு. சரி, சத்தம் கேட்டே விட்டது என்று வைப்போம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 28 மீற்றர். திரும்பிப் பார்த்து, திகைத்து, காலைத் தூக்க எத்தனை செக்கன் வேண்டும்? போன் திரையில் ரயில் தூரத்தில் தெரிகிறது என்பதையும் நம்பாதீர்கள், அந்த லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளதைவிடத் தள்ளித்தான் காட்டும். நேரே வருகிற ரயில் கண்ணுக்கு நிற்பதுபோலவே இருக்கும், அப்புறம் திடீரென்று பெரிதாகும்.

இங்கே ஒற்றைப் பாதை, இரண்டு பக்கத்தாலும் வரும். நிலையங்களில் ஒன்றுக்கொன்று வழிவிடும், முதலாவதைப் படம் எடுத்துக்கொண்டு பின்னால் போகிறவர் இரண்டாவதுக்கு முன்னால் போய் நிற்பார். தண்டவாளத்துக்கு வெளியே நின்றால் போதும் என்றும் நினைக்காதீர்கள், பெட்டி தண்டவாளத்தைவிட அரை மீற்றருக்கும் மேல் வெளியே நீட்டிக்கொண்டுதான் வரும், மிதிபலகையில் ஆட்கள் பையோடு தொங்கிக்கொண்டும் வருவார்கள்.

நல்ல படம் வேண்டுமா, நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டு மேடையில் விளிம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள். இல்லாவிட்டால் மூடிய கடவைப் படலைக்குப் பின்னால். ஆனையிறவில் ஏ9 வீதியும் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, வீதிக்கரையில் நின்றாலே உப்புவெளியோடு முழு ரயிலும் வரும். முகமாலைப் பக்கம் நல்ல கோணம் தேடிப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம், மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை அங்கே சும்மா நடப்படவில்லை. இரவில் எங்கள் முகத்துக்கு பிளாஷ் அடிக்காதீர்கள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டாதீர்கள், சிவப்புத் துணி வேண்டவே வேண்டாம், இரண்டும் எங்களுக்கு ஆபத்துச் சைகை. ஒரு கையை அசையுங்கள், நாங்களும் அசைப்போம்.

போன் பாதையில் விழுந்தால் விழட்டும் ராசா. குனிய வேண்டாம். நிலையத்தில் சொல்லுங்கள், ரயில் போன பிறகு எடுத்துத் தருவார்கள்.