மீனின் கண்ணைத் தூக்கிவிட வேண்டுமாம்

போன மாதம் ஒருவர் நீல டிரம்மில் இரண்டடி சில்வர் அரோவானா மீனோடு என் கிளினிக்குக்கு வந்தார். இடது கண் வெளுத்து, வீங்கி, பாதி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கண் கீழே சரிந்து பார்க்கிறதே என்று யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே தூக்கிவிட முயன்றிருக்கிறார். மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய், கருவிக்கு மனைவி புருவம் திருத்தும் டுவீசர். இந்த வருடம் இது எனக்கு மூன்றாவது கேஸ்.

"மீனுக்குத்தான் வலிக்காதே டாக்டர்?"

யார் சார் சொன்னது? 2003-லேயே பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ட்ரௌட் மீனின் முகத்தில் வலி உணரும் நரம்பு முனைகளைக் காட்டிவிட்டார்கள். உதட்டில் அமில ஊசி போட்ட மீன்கள் தீனியைத் தொடவில்லை, உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தன. மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது. பல் வலி வந்தால் நமக்கும் சோறு இறங்குவதில்லை. மீனுக்கு அலறத் தொண்டை கிடையாது, இறுக மூடிக்கொள்ள இமையும் கிடையாது. அதனால் முகத்தைப் பார்த்தால் நமக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் ஆசிய அரோவானாவுக்கு இந்தக் கண் தூக்கும் வேலையைத் தொழிலாகவே செய்கிறார்கள். டிராகன் சாயல், அதிர்ஷ்டம் என்று பெரும் விலை போகும் மீன். கண் சரிந்தால் விலையும் சரியும். நம் ஊரில் அதன் தென் அமெரிக்க உறவான சில்வரை 'வாஸ்து மீன்' என்று வாங்குகிறோம். செத்துப்போனால் வீட்டுத் திருஷ்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டது என்கிறோம். டுவீசர் கணக்கில் வராது.

அமேசானில் இது நீர்மட்டத்தில் நீந்தி, மேலே கிளையில் இருக்கும் பூச்சியை எகிறிப் பிடிக்கும் மீன். அதைச் சின்னத் தொட்டியில் அடைத்து, அடியில் போய் விழும் தீனியைப் போட்டு, கொழுக்க வைத்தால் கண்ணுக்குப் பின்னால் கொழுப்பு சேர்கிறது, பார்வையும் கீழேயே பழகுகிறது. பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள் இவைதான். இரண்டுக்கும் கத்தியில் மருந்தில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நீர்நிலைகளில் கிடைக்கும் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பதும், பேரட் மீனின் வாலை வெட்டி 'ஹார்ட்' வடிவம் ஆக்குவதும் இதே ரகம்தான். சாயம் சில மாதங்களில் வெளிறும், ஊசிக் காயம் வழியாக நோய் ஏறும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960 மனிதர் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. மீனும் அதில் அடக்கம்.

கத்தியே கூடாது என்பதில்லை. கோல்டுஃபிஷ்ஷுக்கு நானே கட்டி அகற்றியிருக்கிறேன். கட்டி நீந்தவிடாமல் செய்தது, எடுத்தேன். சரிந்த கண்ணோடு அரோவானா நன்றாகவே தின்னும்.

அதனால் மிதக்கும் தீனி போடுங்கள். கொழுப்பான தீனியைக் குறையுங்கள். மூன்றடி வளரும் மீனுக்கு இடமில்லை என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களா? சரி, டுவீசரை மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னாலேயே வையுங்கள்.

அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டேன். மீன் பிழைத்துக்கொண்டது. காயத்தைக் காட்ட மறுபடி வந்தபோது அவர் மெல்லக் கேட்டார், "செயற்கைக் கண் ஏதாவது வைக்கலாமா டாக்டர்?" கனடாவின் வான்கூவர் மீன் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், கண்ணில்லாத பக்கம் மற்ற மீன்கள் தாக்கியதால்.

"உங்கள் தொட்டியில் வேறு மீன் இருக்கிறதா?"

"இல்லை, இது மட்டும்தான்."

தொட்டி மூடி மேல் கனமாக ஏதாவது வைக்கச் சொல்லி அனுப்பினேன். உடம்பு தேறினால் எகிறும்.