கண்ணெதிரே ஒளியும் பக்கி

சிங்கப்பூரின் பூங்காக்களில் பகலெல்லாம் தரையில் சருகுகளின்மேல் படுத்திருக்கும் பறவை ஒன்று உண்டு. நீண்ட வாலுடைய பக்கி அது. கூடு கட்டாமல் வெறுந்தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கும் அப்பறவை பொந்துக்குள் புகுவதில்லை, இலைகளுக்கு அடியில் மறைவதுமில்லை. ஆயினும் சில அடி தொலைவில் நடப்பவர்கள்கூட அதைக் காணாமலே கடந்துவிடுகிறார்கள். எதற்குப் பின்னாலும் போகாமல் ஒளிவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, பறவையைவிடப் பார்ப்பவரின் மூளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பூனையின் மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியிலுள்ள நரம்பணுக்கள் குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளையும் விளிம்புகளையும் கண்டால் மட்டுமே வலுவாகக் கிளர்ச்சியடைவதைக் காட்டினர். பார்வை குறித்த ஆய்வுகளுக்காக 1981இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சிதறிய விளிம்புகளை ஒன்றுசேர்த்தே மூளை ஓர் உருவத்தை அறிகிறது. அந்த வேலையைக் குலைத்துவிட்டால், கண்ணில் படும் பொருளும் கருத்தில் படாமல் போகும்.

இதற்கு நிறம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. 2005இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காகிதத்தில் செய்த பொய் அந்துப்பூச்சிகளில் உண்ணத்தக்க புழுவை இணைத்து, ஓக் மரப்பட்டைகளில் பொருத்தினர். சிறகின் ஓரம்வரை சென்று அதை வெட்டும் திட்டுகள் கொண்டவை, அதே திட்டுகள் உட்புறமாக மட்டும் அமைந்தவற்றைவிட அதிக நேரம் பறவைகளிடமிருந்து தப்பின. ஓரத்தைத் தொடும் திட்டு, உண்மையில் இல்லாத விளிம்புகளை உண்டாக்கி, உண்மையான விளிம்பைத் துண்டாக்கிவிடுகிறது. பக்கியின் பழுப்பு, சாம்பல், கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் செய்வது இதைத்தான்: ஒரு பறவை இருக்க வேண்டிய இடத்தில் நாம் பல சருகுகளைக் காண்கிறோம்.

நிழலும் காட்டிக்கொடுக்கும். பக்கி தரையோடு தரையாகப் படுப்பதால் அதன் நிழல் குறுகிவிடுகிறது. பெரிய கண்களையும் கீற்றாகச் சுருக்கிக்கொள்ளும். இலைக்குவியலில் வட்டமான, பளபளக்கும் ஒரு புள்ளி எளிதில் கண்ணைக் கவரும் அல்லவா?

என்னை மிகவும் வியக்க வைப்பது இடத்தேர்வுதான். ஸாம்பியாவில் தரையில் முட்டையிடும் பறவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, ஒரே இனத்திலும் ஒவ்வொரு பக்கியும் தன் இறகின் தோற்றத்துக்கு நன்கு பொருந்தும் இடத்தையே தேர்ந்தெடுப்பதைக் காட்டியது. தன் தோற்றத்தைப் பறவை எவ்வாறு அறிகிறது என்ற கேள்வி எழுந்தாலும், ஒன்று மட்டும் தெளிவு: நல்ல ஒளிவிடம் என்று தனியாக எதுவுமில்லை, இன்னாருக்கு நல்ல ஒளிவிடம் என்பதே உண்டு.

அசைவு இவை அனைத்தையும் ஒரு நொடியில் அழித்துவிடும், ஏனெனில் அசையும் பகுதிகளை மூளை உடனே ஒரே பொருளாகச் சேர்த்துவிடுகிறது. ஆகவேதான் பக்கி ஆள் மிக அருகில் வரும்வரை பறப்பதில்லை. சருகுகளை முற்றிலும் கூட்டிப் பெருக்கிய புல்வெளியில் இந்தத் திறமையால் பயன் குறைவு. ஓர் ஓரத்திலாவது சருகை விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து. படம் எடுப்பதற்காக மேலும் ஓரடி நெருங்கும்போது பறவை எழுந்துவிட்டால், அது மூடியிருந்த முட்டைகள் வெயிலுக்கும் காகங்களுக்கும் நேராக வெளிப்பட்டுவிடும்.