மர வண்ண வேகன்: வெயில் கெடுத்ததா, தண்ணீர் கெடுத்ததா?

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் இரண்டு வண்டிகளின் படங்களை அனுப்பியிருந்தார். இரண்டும் 1980-களில் வந்த ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயர். பக்கவாட்டில் மரப்பலகை பதித்ததுபோல் இருக்கும் நீளமான ஸ்டேஷன் வேகன். ஒன்று வறண்ட பாலைவன மாநிலமான அரிசோனாவில் விற்பனைக்கு இருக்கிறது. மர வேலைப்பாடு வெளுத்து, வெடித்து, பார்க்கவே பரிதாபம். மற்றது அவர் ஊருக்குப் பக்கத்திலேயே. மரம் நேற்று ஒட்டியதுபோல் பளபளக்கிறது. "சார், இந்தக் குறையெல்லாம் வெறும் அழகுக் குறைதானா, உள்ளேயும் போயிருக்குமா?" என்று கேட்கிறார்.

படத்தை வைத்து வண்டியை எடைபோட முடியாது. ஆனாலும் முதலில் பார்க்கப் போக வேண்டியது அரிசோனா வண்டியைத்தான் என்பேன். காரணம் முழுக்க வேதியியல்.

முதலில் அந்த மரம் மரமே இல்லை. 1940-களில் உண்மையிலேயே மரத்தால்தான் செய்தார்கள். ஃபோர்டுக்கு மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுன்டனில் சொந்தக் காடும் மரப்பட்டறையும் இருந்தன. மரச்சட்டம் மழையில் உளுத்தது, ஆண்டுதோறும் வார்னிஷ் கேட்டது. 1950-களின் தொடக்கத்தில் உடல் முழுக்க எஃகுக்கு மாறியது. அதன்மேல் டைநாக் என்ற மரக்கோடு அச்சிட்ட படலம் வந்து உட்கார்ந்தது. கன்ட்ரி ஸ்குவயர் 1991 வரையிலும், பியூக் ரோட்மாஸ்டர் 1996 வரையிலும் இந்த வேஷத்தோடு ஓடின. ஆக நீங்கள் பார்ப்பது நான்கு அடுக்கு: எஃகு, பெயின்ட், பசை, வினைல். எந்தக் குறையைக் கண்டாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா?

மேலிருந்து வருவது வெயிலின் வேலை. வினைல் என்பது நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இருக்கும் அதே பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, படலம் வளைகிறது என்றால், படலத்தின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே பிளாஸ்டிசைசர் என்ற சின்ன மூலக்கூறுகளைக் கலந்திருக்கிறார்கள். வெப்பத்தில் அவை மெல்ல வெளியேறிவிடும். படலம் சுருங்கும், மொரமொரப்பாகும். கூடவே புற ஊதாக் கதிர். 300 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் ஆற்றல்; கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க 350 போதும். பிவிசியில் இன்னொரு வினோதம்: ஓரிடத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் ஜோடியாகக் கழன்றால் அங்கே இரட்டைப் பிணைப்பு உருவாகி, அடுத்த ஜோடியையும் தளர்த்திவிடும். அப்படியே வரிசையாகக் கழன்றுகொண்டு போகும். வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வேறு இதை வேகப்படுத்தும். நிறம் மாறுவதும், மேற்பரப்பு மாவாக உதிர்வதும், மயிரிழை வெடிப்புகளும் இப்படி வந்தவை. பார்க்க அசிங்கம், ஆனால் எஃகுக்கு அதில் பங்கில்லை. படலத்தை உரித்துப் புதிது ஒட்டினால் கதை முடிந்தது.

கீழிருந்து வருவதுதான் ஆபத்து. ஒஹாயோவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் தானாகக் கசியும். அதோடு சேர்த்துத் தெளிக்கும் கால்சியம் குளோரைடுக்குச் சுமார் 30 சதவீதமே போதும். அதாவது வண்டியின் இடுக்கில் புகுந்த அந்த உப்பு கோடையிலும் காயாமல் ஈரமாகவே கிடக்கும். மரப்படலத்தைச் சுற்றி ஓடும் சட்டப்பட்டி இருக்கிறதே, அதைப் பிடித்து நிறுத்தக் கிளிப்புகள் வேண்டும், அவற்றுக்காகத் தகட்டில் துளைகள். உப்புநீர் உள்ளே போக இதைவிட நல்ல வாசல் வேறில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. இழை அரிப்பு. பெயின்ட் ஓரத்தில் ஒரு கீறலிலிருந்து கிளம்பி, அரை மில்லிமீட்டர்கூட அகலமில்லாத கோடுகள், செல்லரித்த ஓலைச்சுவடிபோல் நெளிந்து நெளிந்து போயிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் தலையும் வாலும் உண்டு. தலை என்பது ஒரு துளி அமிலக் கரைசல்; வால் என்பது காய்ந்த துரு. தலையின் முன்முனையில் ஆக்சிஜன் குறைவு, பின்புறத்தில் அதிகம், ஏனென்றால் காற்று நுண்துளை நிறைந்த வால் வழியாகத்தான் வருகிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் நேர்மின் முனையாகி இரும்பைக் கரைக்கும். அதிகமான இடம் எதிர்மின் முனை. ஒரு துளிக்குள்ளேயே ஒரு முழு மின்கலம்! கரைந்த இரும்பு அயனி பின்னோக்கி நகர்ந்து, ஆக்சிஜனைச் சந்தித்து, துருவாகப் படிந்து வாலை நீட்டும். தலை முன்னே நகரும்.

உப்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். குளோரைடு எதிர்மின் அயனி. அதனால் எப்போதும் நேர்மின் முனையை நோக்கி, அதாவது தலையின் முன்பக்கத்துக்கே ஓடும். துருவில் பெரிதாக மாட்டிக்கொள்ளாது. ஆகவே தொடக்கத்தில் புகுந்த துளியூண்டு உப்பை வைத்துக்கொண்டே, புழு மாதிரி நெளியும் இந்தக் கோடு மாதக்கணக்கில் ஊரும். தண்ணீர்? தலைக்குள் அயனிச் செறிவு அதிகம் என்பதால், சவ்வூடு பரவல் மூலம் பெயின்ட் வழியாகவே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எரிபொருளும் வேண்டாம், ஊற்றிவைக்கத் தண்ணீரும் வேண்டாம். இன்னும் ரசமான ஒன்று: இந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதே இல்லை. ஒரு தலை இன்னொன்றின் வாலை நெருங்கினால் கண்ணாடியில் பட்ட ஒளி மாதிரி திரும்பிவிடும், அல்லது மாட்டிக்கொண்டு நின்றே போகும். பக்கத்து வாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால், முன்பக்கம் ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடே அங்கே குலைந்துவிடுகிறது. மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, வெறும் செறிவு வேறுபாடுதான் வழிகாட்டுகிறது.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு பொதுவாக நகராது. அரிசோனாவுக்கு என் ஓட்டு விழுந்ததற்கு இது ஒரு காரணம். எஃகில் இந்த இழை அரிப்பு ஆழமாகவும் தோண்டாது. அதைக் கண்டதும் ஓட வேண்டாம். உப்பும் ஈரமும் உள்ளே வந்திருக்கின்றன என்ற சேதியாக எடுத்துக்கொண்டு, அடுத்து சட்டப்பட்டியின் கீழ்வரியைப் பாருங்கள். வினைல் தடிமனாக இருப்பதால் புழு நேராகக் கண்ணில் படாது. டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாக எழும். கதவின் நடுவில் குமிழ் இருந்து, விரலால் அமுக்கினால் உள்ளே போனால் அது காற்று, பசை விட்டுப்போனது. கீழ் ஓரத்தில், சட்டத்தையொட்டி, அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் அது துரு. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் புடைக்கிறது.

அரிசோனா என்று சொல்லிவிட்டால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. சுருங்கிய படலம் ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குப் பின்வாங்கியிருக்கும். வெயில் கெடுத்த இடத்தில் தண்ணீர் புக வழி கிடைக்கிறது. அந்த வண்டி கடைசிப் பத்தாண்டு வேறு எங்காவது ஓடியிருந்தால்? பழைய பதிவுத் தாள்களைக் கேளுங்கள்.

சரி, பளபளக்கும் ஒஹாயோ வண்டி? புதுப் படலம் குற்றமில்லை. ஆனால் அது மேலிருந்து வந்த குறைகளை மட்டுமில்லாமல் கீழிருந்து வந்தவற்றையும் மூடிவிடும். ஓட்டை விழுந்த தகட்டில் பட்டி (ஓட்டையை அடைக்கும் பூச்சு) போட்டுத் தேய்த்து, மேலே மரத்தை ஒட்டிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். துணி சுற்றிய சிறு காந்தத்தைப் படலத்தின் மேல் நகர்த்துங்கள். பெயின்டும் வினைலும் சேர்ந்தே அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். காந்தம் கெட்டியாகப் பிடிக்கும். பட்டி சில மில்லிமீட்டர் இருக்கும், அதற்குள் இழுவிசை சட்டென்று விழுந்துவிடும். சுற்றியிருக்கும் வெளிர்நிறச் சட்டம் உலோகமே இல்லாமல் இருக்கலாம், அங்கே காந்தம் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். அப்புறம் பின்கதவின் உட்பக்கம், கதவடி வடிகால் துளைகள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம். உள்ளே படலம் கிடையாது, தகடு தன் நிலவரத்தை மறைக்க முடியாது.

துருவைப் பற்றி இவ்வளவு எழுதியதில் ஓர் ஆதங்கமும் இருக்கிறது. 2002-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அரிப்பால் அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 27,600 கோடி டாலர் நேரடிச் செலவு என்று கணக்கிட்டது. மொத்த உற்பத்தியில் 3.1 சதவீதம். இதை ஆராய நமக்குக் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தது. ராக்கெட் ஏறினால் கைதட்டுகிறோம். பாலத்துக் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்பவருக்கும் அதே தாராளத்தோடு பணம் ஒதுக்கினால் என்ன?

மூடநம்பிக்கைக்கும் ஊர் வித்தியாசம் இல்லை. இங்கே பம்பரில் எலுமிச்சம்பழம், அங்கே பேட்டரியோடு மாட்டும் "துரு தடுப்பு எலக்ட்ரானிக் பெட்டி". கப்பலையும் பூமிக்குள் போகும் குழாயையும் மின்சாரம் கொடுத்துக் காப்பது உண்மைதான். ஆனால் அவற்றைச் சுற்றிக் கடல்நீரோ ஈரமண்ணோ முழுக்க இருக்கிறது, மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் நிற்கும் வண்டியில் மின்சாரம் எதன் வழியாகப் போகும்? விற்பவர் அந்தப் பெட்டியைப் பெருமையாகக் காட்டினால் விலையை ஒரு பைசாகூட ஏற்றாதீர்கள்.

பார்க்கப் போகும் நாளில் வண்டி காய்ந்திருக்க வேண்டும். வெளுத்த வினைலில் உள்ள கோடிக்கணக்கான நுண்வெடிப்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. வெடிப்புகளுக்குள் தண்ணீரோ சிலிக்கான் பாலிஷோ புகுந்தால், அவற்றின் ஒளிவிலகல் எண் காற்றைவிட வினைலுக்கு நெருக்கம் என்பதால் சிதறல் குறைந்து, மரம் திடீரென்று கரும்பழுப்பாக ஜொலிக்கும். கழுவி ஈரத்தோடு காட்டினால் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். பாலிஷ் போட்டிருந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஓரமாக ஓர் உள்ளங்கை அளவு துடைத்துக் காயவிட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால், புதுப் படலத்துக்கும் ஒட்டுகூலிக்கும் ஆகும் தொகையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.