கருவி வரைந்த பூ யாருக்குச் சொந்தம்?

அச்சுத் துணிக்காகத் தாம் உருவாக்கிய பூ வடிவத்தை வேறொரு நிறுவனம் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது என்று ஓர் ஆடை வடிவமைப்பாளர் சட்ட ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். இரண்டு துணிகளையும் மேசைமீது அருகருகே விரித்தோம். இதழ்களின் மடிப்பு முதல், ஓரிடத்தில் காம்பே இல்லாமல் அந்தரத்தில் நின்ற மொட்டு வரை எல்லாம் ஒன்றாகவே இருந்தன. முதல் வரைவைக் கேட்டேன். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் தட்டச்சு செய்த இரண்டு வரிக் கட்டளையைக் காட்டினார். வழக்குத் தொடுக்கலாமா என்ற கேள்வி, அதன் உரிமையாளர் அவர்தானா என்ற கேள்வியாக அங்கேயே மாறிவிட்டது.

உருவாகும் படம் பயனருக்கே சொந்தம் என்று அக்கருவியின் பயன்பாட்டு விதிமுறைகள் சொல்வதை அவர் நம்பியிருந்தார். என்னிடம் வருபவர்களில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். கருவியை நடத்தும் நிறுவனம் உங்களிடம் உரிமை கோராது என்பதைத்தான் அந்த வரி உறுதிசெய்கிறது. சட்டம் தராத பதிப்புரிமையை, அதுவும் மூன்றாம் நபருக்கு எதிராகச் செல்லும்படி, ஓர் ஒப்பந்தம் உண்டாக்கிவிட முடியாது.

சட்டமோ நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. படைப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வெறும் கட்டளை மட்டும் போதாது என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதே ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் கூறியிருந்தது. மாறாக, கட்டளைகளையும் அமைப்புகளையும் திரும்பத் திரும்பத் திருத்திப் படத்தை உருவாக்கிய ஒருவருக்குப் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023இல் பதிப்புரிமையை ஏற்றது. கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரையே ஆசிரியராக இந்தியச் சட்டம் கருதுகிறது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே ஏற்பாடு உண்டு. ஆனால் அசல்தன்மை என்ற சோதனையை அங்கும் கடந்தாக வேண்டும்.

ஆடைத் துறைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனிதர் கையால் வரைந்திருந்தாலும், ஆடையின் வெட்டுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடைப்பதில்லை. மேற்பரப்பு அலங்காரத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத வடிவத்துக்கு 3 ஆண்டுகளும், பதிவு செய்ததற்கு அதிகபட்சம் 25 ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கிறது. இந்தியாவில் பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அதன் பதிப்புரிமையே போய்விடும். சமூக ஊடகத்தில் படத்தைப் போட்டுவிட்டு நிதானமாகப் பதிவைப் பற்றி யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் பதறும். வடிவத்தைப் பதியத் தேவையான புதுமை என்ற தகுதி, படத்தை அப்படி வெளியிட்டதாலேயே போய்விடக்கூடும்.

தனித்தொழில் வடிவமைப்பாளர்களுடன் செய்யும் ஒப்பந்தங்களில், எந்தப் பகுதி கருவியில் உருவானது, எது கையால் வரையப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை இப்போதெல்லாம் நான் தவறாமல் சேர்க்கிறேன். அவரிடம் பிறக்காத உரிமையை அவர் உங்களுக்கு எழுதித்தர முடியாதல்லவா?

வந்தவரின் கோப்புறையைக் கடைசிவரை துழாவியதில் ஒரு பென்சில் ஓவியம் கிடைத்தது. துணியின் கரையை அவரே நான்கு முறை அழித்து வரைந்திருந்தார். அந்தக் கரை எதிர்த்தரப்பின் துணியிலும் இருந்தது. எதிர்த்தரப்புக்கு அனுப்பிய சட்ட அறிவிப்பில் உரிமை கோரியது அந்தக் கரைக்கு மட்டுமே. காம்பில்லாத மொட்டை நகலெடுத்ததற்கான அடையாளமாகக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டோம்.