போலியோ சொட்டு மருந்து: ஐந்து வயதுக்குப் பிறகு எங்களுக்கு என்ன இருக்கிறது?

2022இல் லண்டன் சாக்கடைத் தண்ணீரில் போலியோ கிருமி பிடிபட்டு, அங்கே 1 முதல் 9 வயது வரையான பிள்ளைகளைக் கூப்பிட்டு மேலதிக ஊசி போட்டார்கள். எங்கள் மச்சாளின் மகனுக்கும் போட்டார்கள். அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது மச்சாள் கேட்டாள், "அவனுக்குச் சரி, நாங்கள் கொக்குவிலில் பிறந்து வளர்ந்த ஆட்கள், எங்களுக்கு ஒன்றும் வேண்டாமா?" இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்கிறார்கள் என்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ மருந்து 5 வயதோடு முடிகிறது. 2, 4, 6 மாதங்களில் சொட்டு, 18 மாதத்தில் ஒன்று, 5 வயது முடிந்ததும் கடைசிச் சொட்டு. எல்லாம் இலவசம், உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில். 2015இல் இதோடு ஊசியும் சேர்ந்தது. அடுத்த வருடம் உலகம் முழுவதும் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 0.1 மில்லிலீற்றரைத் தோலுக்குள் போடும் முறைக்கு மாறினார்கள், 2ஆம் மாதமும் 4ஆம் மாதமும். போட்ட இடத்தில் நுளம்பு கடித்ததுபோல ஒரு சின்னத் தடிப்பு வரும், அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் போடுவது ஏற்பு (டெட்டனஸ்) ஊசி, தொண்டைக் கரப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்த்து. அதில் போலியோ இல்லை. "பள்ளிக்கூடத்தில் எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் ஐந்து வயதில் குடித்த சொட்டு ஐம்பது வயதிலும் காக்குமா? இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கை கால் வழங்காமல் போவதில் இருந்து காப்பது ஒன்று, அது முழுமையாக மருந்து எடுத்தவர்களிடம் நீண்ட காலம் நிற்கிறது. குடலில் கிருமி ஒட்டிப் பெருகவிடாமல் தடுப்பது இன்னொன்று, அது வருடங்கள் போகப் போகக் குறைகிறது. ஆகவே வயது வந்த ஒருவர் தனக்கு ஒன்றும் ஆகாமலே கிருமியைச் சுமந்து கழிப்பறை வழியாகப் பரப்பலாம். போலியோ தொற்றுகிற 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது, பெரும்பாலானோருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாது. அதனால்தான் லண்டனில் ஒருவரும் படுக்கையில் விழாமலே சாக்கடையில் கிருமி தெரிந்தது. அதே வருடம் நியூயோர்க் மாநிலத்தில் தடுப்பூசியே போடாத ஓர் இளைஞருக்கு வாதம் வந்தது. ஊசி போடாத பெரியவருக்கு இது சின்னப் பிள்ளைகளின் நோய் என்று யாரும் ஆறுதல் சொல்ல முடியாது, வயது கூடினால் வாதம் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொரு நுணுக்கம், இதைக் கேட்டு மச்சாள் கொஞ்சம் திகைத்தாள். போலியோ கிருமியில் மூன்று வகை. 2ஆம் வகையின் காட்டுக் கிருமியை, அதாவது மருந்தில் இருந்து வராமல் இயற்கையாகப் பரவும் கிருமியை, உலகில் கடைசியாகக் கண்டது 1999இல். சொட்டு மருந்தில் இருப்பது பலவீனப்படுத்திய உயிர்க் கிருமி. மருந்து எடுக்காத பிள்ளைகள் நிறைந்த இடத்தில் அது ஆளுக்கு ஆள் தாவி மெல்ல மெல்லப் பழைய குணத்துக்குத் திரும்பக்கூடும். லண்டனில் கண்டதும் அப்படிச் சொட்டில் இருந்து வந்த கிருமிதான். இந்த ஆபத்தினால்தான் 2016 சித்திரையில் உலகம் முழுவதும் சொட்டில் இருந்து 2ஆம் வகையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு 2ஆம் வகைக்கான காப்பு ஊசியில் இருந்துதான் வருகிறது, எங்களுக்கோ பழைய சொட்டில் இருந்து வந்தது. சிறுவயதில் சொட்டுக் குடித்தவருக்குப் பின்னாளில் ஓர் ஊசி போட்டால் குடலின் காப்பும் திரும்ப எழும்புகிறது, இந்தியாவிலும் இலங்கையிலும் செய்த ஆய்வுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். தேவை வந்தால் பெரியவர்களுக்கும் கொடுக்க வழி இருக்கிறது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன், நாளைக்கே போய்ப் போடுங்கள் என்பதற்கு அல்ல.

இலங்கையில் கடைசி நோயாளி 1993இல். தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2014 பங்குனி 27இல். இடையில் 1995இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்பு நாட்களுக்காகச் சண்டையையே நிறுத்தி வைத்தார்கள். இரண்டு சொட்டுக்காகத் துவக்குகள் ஓய்ந்த நாட்கள் அவை, எங்கள் மண்ணில் நடந்த இந்த விஷயத்தை நாங்களே அதிகம் பேசுவதில்லை. ஆனால் அதே 1995 ஐப்பசியில்தான் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே சண்டையால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நாட்களில் கைக்குழந்தையாக இருந்தவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொட்டுக் கிடைத்தது என்று வீட்டில் கேட்டால், "குடுத்திருப்பம்" என்றுதான் பதில் வரும். கிளினிக் கொப்பி கொடிகாமத்தில் தொலைந்ததோ வன்னியில் தொலைந்ததோ, யாருக்குத் தெரியும்.

ஆகவே யார் போய்க் கேட்க வேண்டும்? மருந்து எடுத்ததற்கு எழுத்தில் ஒன்றுமே இல்லாதவர்கள், முக்கியமாகக் கிருமி புழங்கும் நாட்டுக்குப் போக இருப்பவர்கள். காட்டுக் கிருமி இன்னும் ஓயாத நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். அப்படியான நாட்டில் 4 வாரத்துக்கு மேல் தங்குகிறவர், அங்கிருந்து வெளிக்கிடுவதற்கு முந்திய 4 வாரத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் ஒரு தடவை மருந்து எடுத்திருக்க வேண்டும் என்பது 2014இல் இருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. போட்டதும் சர்வதேசத் தடுப்பூசிச் சான்றில், அந்த மஞ்சள் புத்தகத்தில், பதிந்து வாங்குங்கள். விமான நிலையத்தில் வாய்ச்சொல் எடுபடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அதைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்குச் சொட்டு கூடாது.

போக வேண்டிய இடம் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டாலே வழி சொல்லுவார். பிள்ளையைக் கொண்டுபோகும்போது சொட்டுக் குப்பியின் லேபிளையும் ஒருக்கால் பாருங்கள்: ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கே கறுத்துவிட்டால் சூடு பட்டுப் போயிற்று என்று அர்த்தம், அதைக் கொடுக்க மாட்டார்கள்.

கடைசியாக, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ தளர்ந்து தொங்கினால் வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு. 14 நாளுக்குள் இரண்டு மல மாதிரி எடுத்துப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள், 60 நாள் கழித்துத் திரும்பவும் வந்து பார்ப்பார்கள். காரணம் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும், ஆனாலும் மாதிரி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.