கேஷ்: காசா, பதுக்கமா?

புதுச்சேரிக் கடைத்தெருவில் 'கேஷ்' என்றால் கல்லாப்பெட்டி. கணினி படிக்கிற பிள்ளை 'கேஷ் கோஹிரன்ஸ்' என்று ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கும் மாமா ஏதோ பணக் கணக்கு என்றுதான் நினைப்பார். அவர்மேல் தப்பில்லை. 1923 முதல் பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகளில் விலையை 'காஷ்' என்றே அச்சிட்டார்கள். எழுத்துக்கூட்டலும் கணினிச் சொல்லின் அதே ஐந்து எழுத்துதான். 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். அந்தக் காஷ் நம் காசு. ஃபனோன் நம் பணம்.

கணினியில் இருப்பது வேறு சொல். செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் நடுவில் நகல்களை வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகத்துக்குப் பெயர். 'ஒளித்து வை' என்று பொருள்படும் 'காஷே' என்ற பிரெஞ்சு வினையின் வழிவந்தது. பிரெஞ்சில் கண்ணாமூச்சிக்கே 'காஷ்-காஷ்' என்றுதான் பெயர். வட அமெரிக்கக் காடுகளில் தோல் வணிகர்கள் உணவையும் சரக்கையும் மறைத்து வைத்த குழியை 'காஷ்' என்று அழைத்தார்கள். ஆங்கிலம் அங்கே எடுத்துக்கொண்டது. கணினிக்கு வந்தது 1968இல், ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 என்ற கணினி பற்றிய கட்டுரைகளோடு. பெயர் பொருத்தமானது. நிரல் முதன்மை நினைவகத்தைத்தான் கேட்கிறது; பதில் நடுவில் ஒளிந்திருக்கும் நகலிலிருந்து வந்தது அதற்குத் தெரியாது.

தமிழில் 'இடைமாற்று நினைவகம்' என்று ஒரு வழக்கு உண்டு. எனக்கு ஒட்டவில்லை, மறைவு என்ற பொருளே அதில் போய்விடுகிறது. நான் 'பதுக்கம்' என்பேன். ரேஷன் அரிசி வாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். பாலை வழியில் இறந்தவரைக் கல்லும் தழையும் போட்டு மூடிய குவியலைச் சங்கப் பாடல்கள் 'பதுக்கை' என்கின்றன. மூடி மறைப்பதற்கு நம்மிடம் உள்ள பழைய வேர் இது.

'கோஹிரன்ஸ்' இலத்தீனில் 'சேர்ந்து ஒட்டியிருத்தல்'. இயற்பியல் பாடநூலில் 'ஓரியல் மூலங்கள்' ஏற்கெனவே இருப்பதால், 'பதுக்க ஓரியல்பு' என்பேன். ஒரு மளிகை முதலாளிக்கு நேரு வீதியில் ஒரு கடை, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை; விலைப் பேரேடு குடோனில். இரண்டு கடையிலும் அதன் ஒரு பக்கத்துக்கு நகல் இருக்கிறது. ஒரு கடையில் துவரம்பருப்பு விலையை மாற்றினால், மற்றதற்குப் போன் போட்டு 'உன் தாள் செல்லாது' என்று சொல்லியாக வேண்டும். செயலிகளும் இதைத்தான் செய்கின்றன: கடைதான் செயலி, கடையில் இருக்கும் நகல்தான் பதுக்கம், குடோன் பேரேடுதான் முதன்மை நினைவகம், பக்கம் என்பது ஒரே தடவையில் நகலாகும் தரவுத் துண்டு. இதற்கான 'மெசி' (MESI) என்ற நெறிமுறையில் ஒவ்வொரு நகலுக்கும் நான்கு நிலை: மாற்றியது, தனியானது, பகிர்ந்தது, செல்லாதது.

இந்தப் போன் பேச்சில் எவ்வளவு நேரம் போகிறது? மென்பொருள் பாவனையில் பார்க்கலாம், ஆனால் ஆமை வேகம். அதனால் எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும், உள்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கத்தக்க சில்லைப் பயன்படுத்துகிறார்கள். செயலிகள் பேசிக்கொள்ளும் பாட்டையில் (ஆங்கிலத்தில் 'பஸ்') அதைப் பொருத்தினால், உண்மையான வேகத்திலேயே ஒவ்வொரு அழைப்பையும் எண்ணும். இரண்டு செயலிப் பலகையில் ஒரு செயலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால், தானே இன்னொரு கடைபோல நடித்து எதிராளியைப் பதில் சொல்லவும் வைக்கும்.

இப்படி எண்ணும்போது வீண் அழைப்புகளும் மாட்டும். ஒரு கடை பருப்பு விலையை மட்டும் மாற்றுகிறது, மற்றது புளி விலையை மட்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் மாறி மாறித் தாளைக் கிழித்துக்கொண்டே இருப்பார்கள். இன்றைய பெரும்பாலான செயலிகளில் அந்தப் பக்கத்தின் அளவு 64 பைட். இந்தக் கூத்துக்குப் பெயர் 'பொய்ப் பகிர்வு'.