கெயினைப் பார்த்து அம்ப்ளிபயர் வாங்காதீர்கள்

"அண்ணன், முப்பது டெசிபல் அம்ப்ளிபயர் போட்டும் ஒண்டும் வருகுதில்ல."

போன மாரியில் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து வந்த ஒரு தம்பி இப்படித்தான் தொடங்கினான். கணினியில் செருகும், மென்பொருளால் வானொலி அலைகளைப் பிடிக்கும் எஸ்டிஆர் டாங்கிளில் காலநிலைச் செயற்கைக்கோள் படம் பிடிக்கப் பார்த்திருக்கிறான். எப்எம் வானொலி, விமானங்கள் அனுப்பும் 1,090 மெகாஹெர்ட்ஸ், ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் அனுப்பும் 137 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வரும். அதன் அழகும் அதுதான், தலைவலியும் அதுதான்.

அம்ப்ளிபயரைக் கழற்றச் சொன்னேன். சிக்னல் மெலிதாகத் தெரிந்தது!

மட்டக்களப்பான் எதைப் பேசினாலும் பாடும் மீன் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். மேலே ஒரு லொறி ஹோர்ன் அடித்தால் சரி, மீன் போயிற்று. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எப்எம் நிலையங்கள்தான் அந்த லொறி. எல்லா அலைவரிசைக்கும் பொதுவான அம்ப்ளிபயர் மீனையும் லொறியையும் ஒன்றாகவே பெருக்கும்.

வரிசையாக இணைத்த கருவிகளின் மொத்த இரைச்சலைக் கணிக்க, பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிரிஸ் 1944இல் தந்த சூத்திரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். டாங்கிளின் இரைச்சல் எண் (கருவி தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 6 டெசிபல், கேபிள் இழப்பு 3, அம்ப்ளிபயரின் இரைச்சல் எண் 1, பெருக்கம் (கெயின்) 20 என்று வையுங்கள். அம்ப்ளிபயர் மேலே அன்டெனாவோடு இருந்தால் மொத்த இரைச்சல் எண் சுமார் 1.2. கீழே மேசையில் இருந்தால் 4.1. கேபிளில் தொலைந்ததைக் கீழே இருந்துகொண்டு மீட்க முடியாது. சரி, மேலேயே வைத்துப் பெருக்கத்தை 30 ஆக்கினால்? 1.2 என்பது 1.0 ஆகும், அவ்வளவுதான். ஆனால் டாங்கிளுக்குள் போகும் எல்லாமே 10 டெசிபல் ஏறும். இரண்டு பலத்த நிலையங்கள் கலந்து உண்டாக்கும் மூன்றாம் படிப் போலிச் சிக்னலோ 30 டெசிபல் ஏறும். எப்எம் நிலையங்களின் பலம் தாங்காமல் டாங்கிள் திணறியதுதான் தம்பியின் வீட்டில் நடந்தது.

அம்ப்ளிபயருக்கு முன்னால் எப்எம்மைத் தடுக்கும் பில்டர் போடலாம். அதன் இழப்பு அப்படியே இரைச்சல் எண்ணில் சேரும். 137இல் வானத்து இரைச்சலும் ஊர் இரைச்சலும் ஏற்கெனவே அதிகம் என்பதால் ஒரு டெசிபல் போனால் கவலையில்லை. ஜிபிஎஸ்ஸின் 1,575இல் அந்த ஒரு டெசிபல் உறுத்தும். கைபேசி வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு அலைவரிசைப் பட்டைக்கும் தனித்தனி பில்டர் வைப்பதும், சிப்பில் சுருள்கள் இடத்தைத் தின்பதும், ஒரே அகன்ற அம்ப்ளிபயரால் சமாளிக்க ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுவதும் இந்த இழுபறியால்தான்.

தம்பிக்கு எப்எம் பில்டரும் 20 டெசிபல் அம்ப்ளிபயரும் கூரையில் பூட்டினோம். பழைய கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. கடலும் வாவியும் இருபக்கமும் இருக்கிற ஊரில், ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றாமல் எந்த அம்ப்ளிபயரையும் மேலே ஏற்றாதீர்கள்.